டப்ளினியாவை அவசரமில்லாமல் பார்க்க ஒரு வழி

டப்ளினுக்கு வரும் உறவினர்களை நான் தவறாமல் அழைத்துப்போகும் இடம் டப்ளினியா. கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தோடு கற்பாலம் ஒன்றால் இணைந்திருக்கும் பழைய சினாட் மண்டபத்தில் (திருச்சபைக் கூட்டம் நடந்த மண்டபம்) 1993-இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. வைக்கிங் கால டப்ளினும் இடைக்கால டப்ளினும் அதற்குள் இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் ஒரு மணி நேரத்தில் சுற்றிவந்து, தலைக்கவசம் மாட்டிப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை. அங்கே தொடங்கும் வரலாறு வாசலைத் தாண்டி தெருவில் தொடர்கிறது, ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் கில்டேர் தெருவில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்தில் போய் நிறைவடைகிறது. மூன்றையும் ஒரே நாளில், இதே வரிசையில் பாருங்கள்.

வரிசை முக்கியம். டப்ளினியாவில் இருப்பவை பெரும்பாலும் மீட்டுருவாக்கங்கள். அகழ்வில் கிடைத்த அசல் பொருள்கள் கில்டேர் தெருவில்தான் இருக்கின்றன. அசலை முதலில் பார்க்கப் போனால், கண்ணாடிப் பெட்டிக்குள் உடைந்த சீப்பு, காய்ந்த தோல் செருப்பு, ஈயக் கட்டிகள் என்று கால் மணி நேரத்தில் அலுத்துவிடும். டப்ளினியாவில் ஒரு வைக்கிங் வீட்டுக்குள் நின்றுவிட்டுப் போனால் அந்தச் சீப்பு எந்தத் திண்ணையில் கிடந்திருக்கும் என்று மனம் தானாகவே தேடும்.

டப்ளினியா காலை பத்து மணிக்குத் திறக்கும். பள்ளி நாட்களில் காலையில் மாணவர் கூட்டம் இருக்கும். இணையத்தில் முன்பதிவு செய்துவிடுவது நல்லது. பேராலயத்தையும் பார்ப்பதாக இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து டிக்கெட் கிடைக்கிறதா என்று அப்போதே பாருங்கள். தேசிய அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஞாயிறும் திங்களும் அது பிற்பகல் ஒரு மணிக்குத்தான் திறக்கும், எல்லா நாளும் ஐந்து மணிக்கு மூடிவிடும். நான் சொல்லும் வரிசையில் போனால் அந்த இரண்டு நாட்களிலும் இடைஞ்சல் இல்லை. பஸ்ஸுக்கு லீப் கார்டு என்ற பயண அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். குடை இருந்தாலும் மழைச் சட்டை இருக்கட்டும்; லிஃபி ஆற்றங்கரைக் காற்றில் குடை நிற்காது.

உள்ளே நுழைந்ததும் வைக்கிங் பகுதி. அங்கே நேரம் செலவிட வேண்டிய இடம் அந்தச் சிறிய, இருட்டான, புகை சூழ்ந்த வீடு. பலரும் எட்டிப் பார்த்துவிட்டு நகர்கிறார்கள். நீங்கள் உள்ளே போய் நில்லுங்கள். 1970-களிலும் 1980-களின் தொடக்கத்திலும் பேராலயத்துக்குக் கீழே சரிவில், ஃபிஷாம்பிள் தெருவை ஒட்டி நடந்த அகழ்வில் இப்படிப்பட்ட வீடுகளின் அடிப்பகுதி வரிசை வரிசையாகக் கிடைத்தது. முளைகளை நட்டு, இடையே குச்சிகளைப் பின்னிய தட்டிச் சுவர். ஓர் ஆள் உயரம்கூட இல்லாத அந்தச் சுவர் கூரையைத் தாங்கவில்லை. உள்ளே நட்ட நான்கு கம்பங்கள்தான் தாங்கின. நடுவில் அடுப்பு, இரு பக்கமும் உட்காரவும் படுக்கவும் மேடை, இரண்டு முனையிலும் கதவு. எட்டு மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் இருந்தால் அது நல்ல வீடு. அதற்குள் ஒரு குடும்பம் சமைத்தது, தூங்கியது, வேலையும் பார்த்தது. நின்ற இடத்திலிருந்து ஒரு கையை அடுப்புப் பக்கமும் மறு கையை மேடைப் பக்கமும் நீட்டிப் பாருங்கள். நெருக்கம் புரியும்.

ஆயிரம் ஆண்டு பழைய குச்சிகள் எப்படி மக்காமல் இருந்தன என்று கூட வருபவர்கள் கேட்பார்கள். காரணம் ஈரம். ஆற்றங்கரைச் சேற்றில் காற்று புகாமல், குப்பையும் சாணமும் மரத்தூளும் மீட்டர் கணக்கில் அடுக்கடுக்காகச் சேர்ந்துவிட்டன. காற்று இல்லாத இடத்தில் மரத்தை அழுகவைக்கும் நுண்ணுயிர்களுக்கு வேலை இல்லை. அதனால் வேலிகள்கூட நின்ற இடத்திலேயே இருந்தன. தலைமுறை தலைமுறையாக வீடுகளை இடித்துக் கட்டியும் மனைகளின் எல்லை அநேகமாக மாறவில்லை என்பதை அந்த வேலிகள்தாம் காட்டிக்கொடுத்தன. கொள்ளைக்காரர்கள் என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்கப்பட்டவர்கள் மனை எல்லையை மதித்து வாழ்ந்த நகரவாசிகளாகவும் இருந்தார்கள்.

மலக்குழிகளும் அதே அளவுக்குப் பேசும். குழந்தைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அந்தக் குழிகளில் துடைக்கப் பயன்பட்ட பாசியும், ஹேசல் கொட்டை ஓடுகளும், காட்டுப் பழ விதைகளும், குடல் புழுக்களின் முட்டைகளும் கிடைத்தன. ஒரு நகரம் என்ன தின்றது, எதனால் வயிற்றுவலிப்பட்டது என்று எந்த அரசனின் குறிப்பும் நமக்குச் சொல்லவில்லை. இவை சொல்கின்றன.

அடிமைகளைப் பற்றிய பகுதியில் மட்டும் வேகத்தைக் குறையுங்கள். வேடிக்கைப் படம் எடுக்கும் இடம் அல்ல அது. டப்ளின் அக்காலத்தில் மேற்கு ஐரோப்பாவின் பெரிய அடிமைச் சந்தைகளுள் ஒன்று. 870-இல் ஸ்காட்லாந்தின் டம்பார்டன் கோட்டையை முற்றுகையிட்ட வைக்கிங் தலைவர்கள் ஓலாஃபும் ஈவாரும் அடுத்த ஆண்டு 200 கப்பல்களில் பெருந்திரளான சிறைக்கைதிகளுடன் டப்ளினுக்குத் திரும்பினார்கள் என்று அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புகள் என்ற இடைக்கால ஐரிஷ் வரலாற்றுப் பதிவு சொல்கிறது. என் அண்ணன் மகள் இதைக் கேட்டுவிட்டு, “அந்த ஆட்கள் எல்லோரும் என்ன ஆனார்கள், சித்தப்பா?” என்றாள். விற்கப்பட்டார்கள் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. அவள் அந்த இடத்தை விட்டு நகரச் சிறிது நேரம் ஆனது. அப்படி நிற்பவர்களை அவசரப்படுத்தாதீர்கள்.

உடைகளை அணிந்து பார்ப்பது, வைக்கிங்குகளின் ரூன் எழுத்தில் பெயர் எழுதுவது எல்லாம் சிறுவர்களுக்கு நன்றாக இருக்கும். வைக்கிங்குகள் கொம்பு வைத்த தலைக்கவசம் அணியவில்லை என்பதை அங்கேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது இடைக்காலம். 1170-இல் ஸ்ட்ராங்போ என்ற நார்மன் பிரபுவும் லெயின்ஸ்டர் அரசன் டெர்மட்டும் டப்ளினைப் பிடித்தார்கள். மறு ஆண்டே இங்கிலாந்து அரசன் இரண்டாம் ஹென்றி நேரில் வந்து நகரத்தைத் தன் வசமாக்கிக்கொண்டு, அதைப் பிரிஸ்டல் நகரத்தாருக்குக் குடியேறக் கொடுத்தான். பழைய வைக்கிங் வம்சத்தார் ஆற்றுக்கு வடக்கே ஒதுங்கினார்கள். இந்தப் பின்னணி தெரிந்தால் இங்குள்ள சந்தையும் வணிகர்களும் தண்டனைக் கட்டைகளும் யாருடைய நகரத்தைக் காட்டுகின்றன என்பது தெளிவாகும். கொள்ளைநோய்ப் பகுதியில், கில்கென்னியில் வாழ்ந்த ஜான் கிளின் என்ற துறவியை நினைத்துக்கொள்ளுங்கள். 1348-இல் ஆகஸ்ட் முதல் கிறிஸ்துமஸ் வரை டப்ளினில் மட்டும் 14,000 பேர் இறந்ததாக எழுதியவர் அவர். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். ஆனால் அவர் அத்தோடு நிற்கவில்லை. ஆதாமின் வம்சத்தில் யாராவது உயிர் பிழைத்தால் இந்த வேலையைத் தொடரட்டும் என்று தோல்தாள் மிச்சம் வைத்துவிட்டுப் போனார். எனக்கு இந்தத் தளத்தில் அதைவிடப் பெரிய செய்தி இல்லை.

இடைக்கால நகரத்தின் சிறிய மாதிரி வடிவத்தைத் தேடிப்பிடித்துப் பாருங்கள். மதில், கோட்டை, பேராலயம், ஆறு ஆகிய நான்கையும் மனதில் பதியவைத்துக்கொண்டால் அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு வரைபடமே வேண்டாம்.

டப்ளினியாவோடு சேர்ந்த புனித மைக்கேல் கோபுரத்தில் 96 படிகள். லிப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ள என் அத்தையைக் கீழே உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் ஏறுவதுதான் எங்கள் வழக்கம். மேலே போனால் ஆற்றுப் பக்கம் திரும்புங்கள். பேராலயத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே தெரியும் மாநகராட்சி அலுவலகங்கள் எழுந்த இடம்தான் வுட் கீ, அகழ்வு நடந்த மண். அந்த இடத்தைக் காப்பாற்ற 1978 செப்டம்பரில் ஏறத்தாழ 20,000 பேர் ஊர்வலம் போனார்கள். முன்னின்றவர் எஃப். எக்ஸ். மார்ட்டின் என்ற அகஸ்தீனியத் துறவி, வரலாற்றுப் பேராசிரியர். வழக்கும் நடந்தது, முற்றுகையும் நடந்தது. கட்டடம் வந்துவிட்டது. அந்த மண்ணிலிருந்து மீட்டு எடுத்ததைத்தான் நாள் முழுவதும் பார்க்கிறோம் என்பதை இந்த உயரத்தில் நின்று உணருவது நல்லது.

நேரம் இருந்தால் பேராலயத்துக்குள் போங்கள். ஏறத்தாழ 1030-இல் டப்ளினின் வைக்கிங் அரசன் சிட்ரிக் நிறுவியது அது. வெளியே வந்து வைன்டேவர்ன் தெருப் பக்கம் நடைபாதையைக் கவனித்து நடங்கள். ஒரு வைக்கிங் வீட்டின் அளவைத் தரையிலேயே குறித்திருக்கிறார்கள். சற்று முன் உள்ளே நின்று கையை நீட்டிப் பார்த்த வீட்டின் அளவு அதுதான். அங்கிருந்து ஃபிஷாம்பிள் தெருவின் வளைவில் இறங்குங்கள். நேராக இல்லாமல் வளைந்து இறங்கும் அந்தத் தடம் வைக்கிங் காலத்திலிருந்தே வருகிறது. பிறகு டப்ளின் கோட்டைக்குப் பின்னால் உள்ள புல்வெளிக்குப் போய் உட்காருங்கள். கப்பல்கள் நங்கூரமிட்ட குளம் அங்கேதான் இருந்தது. கையில் சாப்பாடு இருந்தால் அங்கேயே சாப்பிடலாம்.

பிற்பகலில் கில்டேர் தெரு. 1890-இல் திறந்த கட்டடம். நுழைந்ததும் காலடியில் பதித்திருக்கும் மொசைக் தரையைப் பார்க்காமல் போகாதீர்கள். கீழ்த்தளத்தில் தங்க நகைகளும் சதுப்பு நிலத்தில் கிடைத்த உடல்களும் உங்களை இழுக்கும். அவற்றை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டு, நேராக மாடிக்கு ஏறி வைக்கிங் கூடத்துக்குப் போங்கள். கில்மெய்னம், ஐலண்ட்பிரிட்ஜ் கல்லறைகளில் கிடைத்த வாள்களும் தராசுகளும் அங்கே இருக்கின்றன. போர்வீரனும் வணிகனும் ஒரே ஆளாக இருந்திருக்கக்கூடும் என்பதற்கு அந்த வாளும் தராசும் சாட்சி. மான்கொம்பில் அறுத்த சீப்புகள், அம்பர் என்ற கல்லாய் இறுகிய மரப்பிசின் துண்டுகள், கைவினைஞர்கள் எலும்பில் கோலம் செதுக்கிப் பழகிய துண்டுகள் எல்லாம் காலையில் நடந்த தெருக்களிலிருந்து வந்தவை. சிட்ரிக் ஏறத்தாழ 997-இல் டப்ளினில் வெளியிட்ட வெள்ளிக் காசையும் தேடுங்கள். அயர்லாந்தில் அடித்த முதல் நாணயம் அது; இங்கிலாந்து அரசன் எதெல்ரெட்டின் காசைப் பார்த்துச் செய்தது.

நான் அதிக நேரம் நிற்பது பாலின்டெரி பலகைக்கு முன்னால். 1932-இல் வெஸ்ட்மீத் மாவட்டத்தில் ஏரிக் குடியிருப்பு ஒன்றில் கிடைத்த விளையாட்டுப் பலகை அது. யூ மரம், கால் மீட்டர் சதுரம், வரிசைக்கு ஏழாக 49 துளைகள். நடுத் துளையைச் சுற்றி ஒரு வட்டம். ஒரு பக்கம் மனிதத் தலையாகவும் எதிர்ப்பக்கம் விலங்கின் தலையாகவும் செதுக்கிய பிடிகள். பத்தாம் நூற்றாண்டில் டப்ளினில் செய்திருக்கலாம் என்று ஓரத்து அலங்காரத்தை வைத்து ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நடுத் துளையில் அரசன் நின்றிருக்க வேண்டும். நம் ஆடுபுலி ஆட்டத்தைப் போல இரு தரப்பும் சமமில்லாத ஆட்டமாக இருந்திருக்கும். குனிந்து, பலகையின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து அந்தத் துளைகளைப் பாருங்கள்.

கப்பல் மட்டும் டப்ளினில் இல்லை. 1042-இல் டப்ளின் பக்கத்து ஓக் மரத்தில் கட்டிய ஏறத்தாழ 30 மீட்டர் போர்க்கப்பல் டென்மார்க்கின் ரோஸ்கில்ட் கடற்கழியில் மூழ்கிக் கிடந்து, 1962-இல் எடுக்கப்பட்டது. அதன் மறுபடைப்பை 2007-இல் ரோஸ்கில்டிலிருந்து டப்ளினுக்குப் பாய் விரித்தும் துடுப்புப் போட்டும் ஓட்டிவந்தார்கள். டென்மார்க் போகும் திட்டம் இருப்பவர்கள் டப்ளினை முதலில் முடித்துவிட்டு ரோஸ்கில்டுக்குப் போங்கள்.