அனுப்பும் டொமைன் உங்களுடையதே என்று நிறுவும் முறை

கணக்கு மென்பொருளிலிருந்து வாடிக்கையாளருக்குப் போகும் இன்வாய்ஸ் உங்கள் நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருந்தாலும், கிளம்புவது வேறொருவருடைய சர்வரிலிருந்துதான். அந்தச் சர்வர் உங்கள் பெயரில் எழுதலாமா என்று பெறுபவரின் மின்னஞ்சல் சேவை சோதிக்கிறது. 2024 பிப்ரவரி முதல், எஸ்பிஎஃப் (SPF: உங்கள் பெயரில் அனுப்ப நீங்கள் அனுமதித்த சர்வர்களின் பட்டியல்), டிகேஐஎம் (DKIM: கடிதத்தில் இடப்படும் டிஜிட்டல் கையொப்பம்) இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று ஜிமெயில் எல்லா அனுப்புநர்களிடமும் கேட்கிறது. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோருக்கு இவ்விரண்டோடு டிமார்க்கும் (DMARC: இச்சோதனைகளில் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லும் கொள்கை) கட்டாயம்.

இவை மூன்றும் டிஎன்எஸ்ஸில் (DNS: டொமைனைப் பற்றி எவரும் படிக்கக்கூடிய பதிவுகளின் தொகுப்பு) எழுதப்படுபவை என்பதால், உங்கள் டொமைனின் டிஎன்எஸ் எங்கே நிர்வகிக்கப்படுகிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். டொமைனை வாங்கிய இடமும், அதன் பதிவுகளைக் கேட்பவருக்குத் தரும் நேம்சர்வர் இருக்கும் இடமும் வேறாக இருந்தால், வாங்கிய இடத்தில் சேர்க்கும் பதிவுகளை யாரும் படிக்கப்போவதில்லை. ஜிமெயில் போன்ற இலவச முகவரியை இம்முறையில் சரிபார்க்கவே முடியாது, ஏனெனில் அந்த டொமைன் கூகுளுக்கு உரியது.

மென்பொருளின் மின்னஞ்சல் அமைப்புகளில் டொமைனைச் சேர்த்ததும் சில டிஎன்எஸ் பதிவுகள் தரப்படும். எடுத்துக்காட்டாக, அமேசானின் மின்னஞ்சல் அனுப்பும் சேவையான எஸ்இஎஸ், அதன் ஈஸி டிகேஐஎம் முறையில், மூன்று சிநேம் (CNAME: ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டும்) பதிவுகளைத் தருகிறது. அவற்றைத் தட்டச்சு செய்யாமல் அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான தோல்விகள் பெயர்க் கட்டத்தில்தான் நேர்கின்றன: பல டிஎன்எஸ் பலகைகள் பெயரின் இறுதியில் டொமைனைத் தாமாகவே சேர்த்துவிடுவதால், முழுப் பெயரையும் ஒட்டுபவருக்கு டொமைன் இருமுறை வந்துவிடுகிறது, ஆகவே சேமித்தபின் பதிவை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. உங்கள் டிஎன்எஸ் கிளவுட்ஃப்ளேர் சேவையில் இருந்தால், இந்தச் சிநேம் பதிவுகளுக்கு ப்ராக்ஸியை (போக்குவரத்தை அந்தச் சேவையின் வழியே திருப்பும் வசதியை) அணைத்துவைக்க வேண்டும்.

எஸ்பிஎஃப் பதிவில் இன்னும் கவனம் தேவை. ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். அலுவலக மின்னஞ்சலுக்காக ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது புதிதாக இன்னொன்றைச் சேர்த்தால், புதியது வேலை செய்யாததோடு, அதுவரை சரியாக இருந்ததும் பிழையாகிவிடும். பழைய பதிவுக்குள்ளேயே புதிய சேவையின் இன்க்ளூட் பகுதியை (அதன் சர்வர்களையும் அனுமதிக்கச் சொல்லும் 'include:' துண்டை) சேர்த்துவிடுங்கள். அதைப் படித்து முடிக்க 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் தேவைப்படக்கூடாது என்பதால், கைவிட்ட சேவைகளின் பெயர்களை அப்போதே நீக்கிவிடுவது நல்லது.

டிமார்க் கொள்கையை 'நன்' (none: எதையும் தடுக்காமல் கவனிக்க மட்டும்) என்ற நிலையில், அறிக்கை பெறும் முகவரியோடு தொடங்குங்கள். உங்கள் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்பது தெளிவாகும் முன்பே 'ரிஜெக்ட்' (reject: தேறாதவற்றை ஏற்க மறுக்கச் சொல்லும்) நிலைக்குத் தாவினால், உங்கள் சொந்தக் கடிதங்களே திருப்பப்படலாம்.

பின்னர் மென்பொருளில் சரிபார்ப்புப் பொத்தானை அழுத்துங்கள். சில நிமிடங்களில் முடியலாம்; எஸ்இஎஸ்ஸில் 72 மணி நேரம் வரையும் ஆகலாம். அதற்குள் பதிவுகளை அழித்து மீண்டும் எழுதாதீர்கள். பச்சைக் குறி வந்தபின் ஒரு ஜிமெயில் கணக்குக்குச் சோதனைக் கடிதம் அனுப்பி, அதன் மூல வடிவத்தைத் திறந்து, எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் 'பாஸ்' எனக் காட்டுகின்றனவா என்றும், டிகேஐஎம் வரியில் மென்பொருள் நிறுவனத்தின் டொமைன் அல்லாமல் உங்கள் டொமைனே இருக்கிறதா என்றும் பாருங்கள்.