வேட்டை எல்லையைத் திருத்தும்போது சொதப்பும் இடங்கள்

ஜெர்மனியில் ஒரு விவசாயிக்கு 10 ஹெக்டேர் நிலம் இருந்தால் அதன் வேட்டை உரிமை சட்டப்படி அவருடையதுதான், ஆனால் அவரே துப்பாக்கியோடு இறங்கிவிட முடியாது. ஒரே கையில் தொடர்ச்சியாக 75 ஹெக்டேர் இருந்தால்தான் தனி வேட்டைப் பகுதி. மற்ற நிலங்களை ஊரளவில் சேர்த்துப் பொதுப் பகுதியாக்கி (குறைந்தது 150 ஹெக்டேர், சில மாநிலங்களில் இன்னும் கூடுதல்), நிலக்காரர் சங்கம் அதை வேட்டைக்காரருக்குக் குத்தகைக்கு விடும். 1848 வரை பிரபுக்கள் குடியானவன் வயலில் புகுந்து வேட்டையாடிய நாடு அது, அதனால் எல்லைப் பேச்சு வந்தாலே அங்கே சூடு கிளம்பும்.

எல்லையைத் திருத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது: நிலத்தைச் சேர்க்கலாம், பிரிக்கலாம், மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வேட்டையை ஒழுங்காக நடத்த அது தேவைப்பட வேண்டும். வரைபடத்தில் கோடு கோணலாக இருக்கிறது, நேராக்கிவிடலாம் என்று கிளம்புவதுதான் முதல் தவறு. கோடு நேராகும், ஆனால் நடு மக்காச்சோளக் காட்டுக்குள் போகும். காட்டுப்பன்றி பகலில் இந்தப் பக்கப் புதரில் படுத்துக் கிடந்து ராத்திரி அந்தப் பக்கம் சோளத்தை மிதித்துத் தள்ளும், காலையில் விவசாயி போய் இழப்பீடு கேட்டால் இரண்டு குத்தகைக்காரரும் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். சேதம் தெரிந்த ஒரு வாரத்துக்குள் அவர் உள்ளாட்சி அலுவலகத்தில் முறையிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் இழப்பீடு கிடைக்காது. அந்த ஒரு வாரம் யார் பொறுப்பு என்ற சண்டையிலேயே போய்விடும். கோடு கோணலாகவே இருக்கட்டும், வரப்போடு போகட்டும்.

பாதையோ ரயில் தண்டவாளமோ குறுக்கே வந்தால் பகுதி இரண்டாகிவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. ஆகாது. தனியாக வேட்டை நடத்த இடம் தராத அந்த மாதிரிக் கீற்று நிலம், பகுதியைத் துண்டாக்கவும் செய்யாது, விலகிக் கிடக்கும் இரு நிலங்களை ஒட்டவும் செய்யாது.

அப்புறம் கூட்டம். சங்கத்தில் தீர்மானம் செல்ல வந்தவர்களில் பெரும்பான்மை மட்டும் போதாது, வந்தவர்கள் கையில் இருக்கும் நிலப்பரப்பிலும் பெரும்பான்மை வேண்டும். பெரிய பண்ணைக்காரர் இருவரைச் சரிக்கட்டிவிட்டு வருபவர் தலை எண்ணிக்கையில் தோற்பார். அரை ஏக்கர் கிழவியையும் போய்ப் பார்த்துப் பேசுங்கள், ஓட்டுக்காக இல்லாவிட்டாலும் பரண் போட அவருடைய வேலியோரம்தானே தோதாக இருக்கும்? கேட்காமல் பரண் கட்டி வந்த பகைதான் எல்லைத் தகராறு என்ற பெயரில் வருடக்கணக்கில் ஓடுகிறது என்பது என் எண்ணம்.

குத்தகை பெரும்பாலும் 9 வருடமாவது ஓடும். நடுவில் நிலத்தைக் கழித்துவிட்டுத் தொகையைத் தொடாமல் விட்டால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காயம்பட்ட மிருகம் கோட்டைத் தாண்டினால் யார் பின்தொடர்வது என்பதையும் பக்கத்துப் பகுதிக்காரருடன் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்டையே வேண்டாம் என்று சொல்லும் நிலக்காரரை ஒதுக்கித் தள்ளுவதும் தவறு. 2012 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒருவர் பக்கம் தீர்ப்பளித்தது, 2013 இல் ஜெர்மனி சட்டத்தையே மாற்றியது. மனசாட்சியைக் காரணம் காட்டி அவர் தன் நிலத்தை விலக்கிக் கேட்கலாம். ஆனால் விலக்கிய நிலத்தில் பன்றி உழுதால் அவருக்கு இழப்பீடு கிடையாது, பக்கத்து வயல் சேதத்திலும் அவர் பங்கு கொடுக்க நேரலாம். இதை அவரிடம் மனு எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள்.