வேதி மாற்றமா, இயற்பியல் மாற்றமா? கண்டுபிடிக்கும் வழி

பழையபடி திருப்ப முடிந்தால் இயற்பியல் மாற்றம், முடியாவிட்டால் வேதி மாற்றம். பலரும் மனப்பாடமாக வைத்திருக்கும் இந்த ஒரு வரியை முதலில் தள்ளி வையுங்கள், பாதி குழப்பம் இதனால்தான் வருகிறது. ஒரு தாளைச் சுக்குநூறாகக் கிழித்தால் அதைப் பழையபடி ஆக்க யாராலும் முடியாது, ஆனாலும் அது இயற்பியல் மாற்றம்தான், ஏனென்றால் ஒவ்வொரு துணுக்கும் இன்னும் தாளாகவே இருக்கிறது. மறுபக்கம் காரில் இருக்கும் ஈய-அமில பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் கொடுக்கும்போது அதன் தகடுகளில் உள்ள ஈயமும் ஈய டை ஆக்சைடும் கந்தக அமிலத்தோடு வினைபுரிந்து ஈய சல்பேட்டாகின்றன, சார்ஜ் போட்டால் அத்தனையும் திரும்பி வந்துவிடுகிறது. நூற்றுக்கணக்கான தடவை முன்னும் பின்னும் போய்வந்தாலும் அது முழுக்க வேதி மாற்றமே.

அப்படியானால் எதைக் கேட்பது? முன்பு இருந்த பொருள்தான் இப்போதும் இருக்கிறதா, அல்லது புதிதாக வேறொரு பொருள் உண்டாகிவிட்டதா என்று கேளுங்கள். அதே பொருள் என்றால் இயற்பியல் மாற்றம், புதுப் பொருள் என்றால் வேதி மாற்றம். தண்ணீர் உறைந்து பனிக்கட்டியானால் இடம் சுமார் 9 சதவீதம் கூடுகிறது, கல்லைப் போல இறுகுகிறது, மேலே மிதக்கிறது. பார்வைக்கு எல்லாமே மாறிவிட்டது. ஆனால் உள்ளே இருப்பது அதே நீர் மூலக்கூறு, இரண்டு ஹைட்ரஜனும் ஒரு ஆக்சிஜனும் பிரியவே இல்லை. அதே தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தி ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று இரண்டு வாயுக்களாகப் பிரித்தால், அங்கே தண்ணீர் என்ற பொருளே போய்விட்டது.

சரி, மூலக்கூறு கண்ணுக்குத் தெரியாதே. அதனால்தான் நிறம் மாறுவது, குமிழி வருவது, சூடாவது, வெளிச்சம் வருவது, புது வாசனை அடிப்பது என்று தடயங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள். பாருங்கள், ஆனால் தடயத்தைப் பார்த்ததும் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள், இவை எல்லாமே ஏமாற்றக்கூடியவை.

குமிழியையே எடுத்துக்கொள்வோம். கொதிக்கும் தண்ணீரில் பெரிது பெரிதாக வருவது நீராவி, அதாவது தண்ணீரேதான். கொதிப்பதற்கு முன்பே பாத்திரத்தின் அடியில் முத்து முத்தாக ஒட்டிக்கொண்டிருப்பவை தண்ணீரில் கரைந்திருந்த காற்று, சூடு ஏற ஏற வெளியே வருகிறது. சோடா பாட்டிலைத் திறந்தால் பொங்குவது பெரும்பாலும் அழுத்தத்தில் கரைத்து வைத்திருந்த கார்பன் டை ஆக்சைடு, மூடி திறந்து அழுத்தம் குறைந்ததும் தப்பித்துப் போகிறது. ஆனால் சமையல் சோடாவில் வினிகரை ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வருவதும் அதே கார்பன் டை ஆக்சைடுதான், இங்கே மட்டும் அது வேதி மாற்றம், ஏனென்றால் இந்த வாயு வினிகரிலும் கரைந்திருக்கவில்லை, சோடாத் தூளிலும் ஒளிந்திருக்கவில்லை, இரண்டும் சேர்ந்த பிறகுதான் உண்டானது. ஆகவே குமிழியைப் பார்த்தால், இந்த வாயு என்ன, இது முன்பே உள்ளே இருந்ததா என்று கேட்டுப் பழகுங்கள்.

நிறமும் இப்படித்தான். இரும்புக் கம்பி நெருப்பில் செக்கச்செவேல் என்று ஆவது சூட்டினால் வரும் ஒளி, ஆறினால் அந்தச் சிவப்பு போய்விடும், இரும்பு இரும்பாகவே இருக்கும் (மேற்பரப்பில் கருப்பாக ஒரு செதில் படிந்தால் அந்தப் படலம் மட்டும் இரும்பு ஆக்சைடு, அது வேதி மாற்றம்). அதே கம்பி ஈரத்தில் கிடந்து செம்பழுப்பாக ஆனால் அது துரு. துரு காந்தத்தில் இரும்பு போல ஒட்டாது, உதிரும், எடையும் கூடுதல், ஏனென்றால் காற்றிலிருந்து ஆக்சிஜனையும் கூடவே ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. நறுக்கி வைத்த ஆப்பிள் பழுப்பாவதும் காற்றிலுள்ள ஆக்சிஜன் சேரும் வேதி மாற்றம்தான், எலுமிச்சைச் சாறு தடவினால் மெதுவாகும். வெளிச்சத்துக்கும் இதே கதை. பழைய குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை சூட்டினால் மட்டுமே ஒளிர்கிறது, தீக்குச்சியில் எரிந்தே ஒளி வருகிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கரைசலை வற்ற வைப்பது. உப்பைத் தண்ணீரில் கரைத்து ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். தண்ணீர் போனதும் உப்பு திரும்பக் கிடைக்கும். இப்போது முட்டை ஓட்டை வினிகரில் போட்டு வையுங்கள், அதுவும் கரைந்து காணாமல் போவது போலத்தான் தெரியும், ஆனால் இந்த முறை குமிழி வரும், ஓடு முழுக்கப் போன பிறகு அந்த நீரை வற்ற வைத்தால் ஓட்டிலிருந்த கால்சியம் கார்பனேட் வராது, கால்சியம் அசிடேட் என்ற வேறொரு உப்புதான் மிஞ்சும். இரண்டையும் நாம் 'கரைந்தது' என்றே சொல்கிறோம், வற்ற வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடுகிறது. சர்க்கரையும் தண்ணீரில் கரைவது இயற்பியல் மாற்றம், ஆனால் வெறும் பாத்திரத்தில் போட்டு அது பழுப்பாகும் வரை காய்ச்சினால் மூலக்கூறுகள் உடைந்து புதுச் சுவை, புது மணம் எல்லாம் வந்துவிடும், அதன் பிறகு தண்ணீர் விட்டுக் கரைத்தாலும் பழைய வெள்ளைச் சர்க்கரை திரும்பாது.

'காய்வது' என்று நாம் சொல்வதிலும் கவனம் வேண்டும். ஈரக் களிமண் வெயிலில் காய்ந்தால் தண்ணீர் ஆவியாகிப் போகிறது, அவ்வளவுதான், மறுபடி நனைத்தால் குழைந்துவிடும். சிமெண்ட் அப்படி இல்லை. அது தண்ணீரை வெளியேற்றி இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது, அதனால்தான் நீருக்கடியிலும் கெட்டியாகிறது, புதிதாகப் போட்ட கான்கிரீட்டை நாள்கணக்கில் நனைத்து வைப்பதும் இதற்காகத்தான்.

ஒரே நேரத்தில் இரண்டும் நடக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். மெழுகுவர்த்தியில் மெழுகு உருகுவது, திரியில் ஏறுவது, ஆவியாவது மூன்றும் இயற்பியல் மாற்றம். அந்த ஆவி ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் ஆவது வேதி மாற்றம். சமையல் எரிவாயுவும் இதே மாதிரி, சிலிண்டருக்குள் திரவம் வாயுவாவது ஒன்று, அடுப்பில் எரிவது இன்னொன்று. ஆகவே 'மெழுகுவர்த்தி எரிவது எந்த மாற்றம்?' என்று யாராவது கேட்டால், எந்தப் படியைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள், அது நியாயமான கேள்விதான்.

எல்லைக்கோட்டில் நிற்பவையும் உண்டு. உப்பு கரையும்போது சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்தான் இவை) பிரிந்து போகின்றன, அவற்றைச் சேர்த்து வைத்திருந்த அயனிப் பிணைப்பு உடைகிறதே என்று சிலர் அதை வேதி மாற்றத்தில் சேர்ப்பார்கள். பாடப்புத்தகங்களில் பொதுவாக இயற்பியல் மாற்றம் என்றே இருக்கும். முட்டை வேகும்போது முதலில் நடப்பது புரதச் சுருள்கள் அவிழ்வது, பிறகு அவை ஒன்றோடொன்று புதுப் பிணைப்புகளால் கோத்துக்கொள்கின்றன, அதனால் வேதி மாற்றம் என்று எழுதலாம். இப்படிப்பட்ட இடங்களில் பெயரைவிட, எந்தப் பிணைப்பு உடைந்தது, எது புதிதாக உண்டானது என்று சொல்லத் தெரிவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கடைசியாக ஒன்று. சோதித்துப் பார்க்கும் ஆர்வத்தில் வீட்டில் இருக்கும் துப்புரவுத் திரவங்களைக் கலந்து பார்க்காதீர்கள், குறிப்பாகக் குழந்தைகளோடு செய்யும்போது. பிளீச்சோடு கழிப்பறை கழுவும் அமிலமோ வினிகரோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும், நுரையீரலைத் தாக்கும் நச்சு வாயு அது. உப்பு, சர்க்கரை, சமையல் சோடா, வினிகர், முட்டை ஓடு, பனிக்கட்டி, இவையே போதும்.