எழுத்து பூசணிக்காய் சைஸ், சத்தம் பூஜ்ஜியம்: டிரைவர் கோளாறை வீட்டிலேயே சரிசெய்யலாம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை போன் செய்தார். "டேய், கம்ப்யூட்டர்ல எழுத்தெல்லாம் பூசணிக்கா சைசுல தெரியுது, பாட்டுப் போட்டா சத்தமே வரல. கடையில கேட்டா மதர்போர்டு போயிருக்கும்ங்கறாங்க, என்னன்னு வந்து பாரு." போய்ப் பார்த்தேன். மதர்போர்டு நன்றாகத்தான் இருந்தது. யாரோ விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டு டிரைவர்களைப் போடாமல் விட்டிருந்தார்கள். அரை மணி நேர வேலைதான், ஆனால் என் அவசரத்தால் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் இழுத்தது. நான் சொதப்பிய இடத்தையும் சேர்த்தே சொல்கிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இந்த வழிமுறை ஏறக்குறைய ஒன்றுதான்.

டிரைவர் என்பது விண்டோஸுக்கும் உள்ளே இருக்கும் கார்டு, சிப் போன்றவற்றுக்கும் நடுவே நின்று பேசுகிற மென்பொருள். சரியான டிரைவர் இல்லையென்றால் விண்டோஸ் தன் கையிருப்பில் உள்ள பொது டிரைவரை வைத்து ஒப்பேற்றும். படம் வரும், ஆனால் மானிட்டரின் முழு அளவில் வராது, வீடியோ திக்கித் திணறும். அத்தை வீட்டுப் பூசணிக்காய் எழுத்துக்கு இதுதான் காரணம்.

எதையும் டவுன்லோடு செய்வதற்கு முன்

முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். சிரிக்காதீர்கள். ஷட்டவுன் கொடுத்து மறுபடி ஆன் செய்வதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி ஆனில் இருந்தால், ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் அடித்தளப் பகுதியையும் டிரைவர்களின் நிலையையும் அப்படியே டிஸ்க்கில் சேமித்து வைத்து, அடுத்த முறை அதையே எடுத்து விரிக்கும். குழம்பிப்போன டிரைவர் குழம்பியபடியே எழுந்து வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றும்.

திரை திடீரென உறைந்துபோனால் அல்லது கறுத்துவிட்டால், விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். 'பீப்' என்று ஒரு சத்தம் வரும், திரை ஒருமுறை கண்சிமிட்டும், கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது.

அப்புறம் சிபியுவின் பின்பக்கம் போய் வயர்களைப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் வயர் அந்தக் கார்டில்தான் செருகியிருக்க வேண்டும். மேலே மதர்போர்டிலும் அதே மாதிரி எச்டிஎம்ஐ துளை இருப்பதால் அதில் செருகிவிட்டு, கார்டு வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர். ஸ்பீக்கர் பின் பச்சை நிறத் துளையில் இருக்க வேண்டும். பிங்க் மைக்குக்கு.

டிவைஸ் மேனேஜரில் என்ன பார்ப்பது

ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜர் இருக்கும். திறந்தால் உங்கள் கம்ப்யூட்டரின் பாகங்களெல்லாம் வரிசையாகத் தெரியும். நமக்கு வேண்டியவை இரண்டே தலைப்புகள்: 'டிஸ்பிளே அடாப்டர்ஸ்', 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்'. முதலாவதை விரித்தால் இன்டெல், என்விடியா, ஏஎம்டி என்று ஏதாவது பெயர் இருக்க வேண்டும். அதற்குப் பதில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் இல்லை என்று அர்த்தம்.

எதன் மேலாவது மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதை டபுள் கிளிக் செய்யுங்கள். 'டிவைஸ் ஸ்டேட்டஸ்' பெட்டியில் ஒரு பிழை எண் ('கோட்' என்று இருக்கும்) தெரியும், அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 28 என்றால் டிரைவரே போடவில்லை. 22 என்றால் யாரோ டிசேபிள் செய்து வைத்திருக்கிறார்கள், எனேபிள் கொடுத்தால் முடிந்தது. 10 என்றால் கருவியைத் தொடங்க முடியவில்லை. 43தான் கொஞ்சம் பயமுறுத்துவது: கருவி தன்னிடம் கோளாறு என்று சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது என்று பொருள். டிரைவர் கெட்டிருந்தாலும் 43 வரும், கார்டே கெட்டிருந்தாலும் வரும்.

பெயரே தெரியாமல் 'அன்னோன் டிவைஸ்' என்று இருக்கிறதா? அதே பெட்டியில் 'டீடெயில்ஸ்' டேப், அதில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' தேர்ந்தெடுங்கள். நீளமாக ஒரு வரி வரும். அதில் 'வென்' என்பதை அடுத்து வரும் நான்கு எழுத்துகள்தான் தயாரிப்பாளரின் அடையாளம். 8086 என்றால் இன்டெல் (1978-ல் அவர்கள் வெளியிட்ட சிப்பின் எண்ணையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள்), 1002 ஏஎம்டி, 10டிஇ என்விடியா, 10இசி ரியல்டெக். 'டெவ்' என்பதை அடுத்து வருவது மாடல். அந்த வரியை அப்படியே காப்பி செய்து தேடினால் என்ன சிப் என்று தெரிந்துவிடும்.

டிரைவரை எங்கிருந்து எடுப்பது

லேப்டாப் என்றால் முதலில் லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கம், உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து. அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் என்றால் கிராஃபிக்ஸ் டிரைவரைக் கார்டு சிப் தயாரிப்பாளரின் தளத்திலும், சவுண்டு டிரைவரை மதர்போர்டு கம்பெனியின் தளத்திலும் எடுங்கள். இன்டர்நெட் இருந்தால் விண்டோஸ் அப்டேட்டே பாதி வேலையை முடித்துவிடும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்பதையும் ஒருமுறை திறந்து பாருங்கள். வைஃபைக்கே டிரைவர் இல்லாமல் முழிக்கிறீர்களா, ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி வயரில் செருகி 'யூஎஸ்பி டெதரிங்' (போனின் இன்டர்நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் வசதி) ஆன் செய்தால் போதும். அத்தை வீட்டில் அப்படித்தான் ஓட்டினேன்.

எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் அப்டேட் செய்கிறேன் என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. காசு கேட்பதோடு, நன்றாக ஓடிக்கொண்டிருப்பதையும் மாற்றி வைத்துவிடும்.

பழைய கார்டு வைத்திருப்பவர்கள் புதிய டிரைவர்தான் நல்ல டிரைவர் என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் பலர் வாங்கிப் போட்ட ஜிடி 710 போன்ற கெப்ளர் வகைக் கார்டுகளுக்கு, புதிய கேம்களுக்கான டிரைவர்களை வெளியிடுவதை என்விடியா 2021-லேயே நிறுத்திவிட்டது. இன்றைய புதிய டிரைவரை இறக்கினால் பொருத்தமான கார்டு இல்லை என்று சொல்லி நின்றுவிடும். தளத்தில் உங்கள் கார்டின் பெயரைத் தேர்ந்தெடுத்துத் தேடினால் வருவதையே எடுங்கள்.

போடுவதற்கு முன் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் (கெட்டுப்போனால் விண்டோஸை இன்றைய நிலைக்குத் திருப்பிக் கொண்டுவரும் சேமிப்பு) உருவாக்கிக்கொள்ளுங்கள், இரண்டு நிமிட வேலை. கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறும்போது திரை சில விநாடிகள் கறுத்து மறுபடி வரும். பதறிப்போய் பவர் பட்டனை அழுத்தாதீர்கள்.

புதிதாகப் போட்ட பிறகு கெட்டுப்போனால்

டிவைஸ் மேனேஜரில் அதே கருவியை டபுள் கிளிக் செய்து 'டிரைவர்' டேப்பில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள், முந்தையது திரும்பி வரும். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் பழையது கைவசம் இல்லை. அப்போது ரீஸ்டோர் பாயின்ட்.

அதற்கும் மசியாவிட்டால் 'டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. புதிய டிரைவரை முன்கூட்டியே டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டு, இன்டர்நெட்டைத் துண்டித்துவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் நடுவில் புகுந்து தானே ஒன்றைப் போட்டுவிடும். ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய், ரீஸ்டார்ட் ஆனதும் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு, அதாவது அடிப்படை டிரைவர்களோடு மட்டும் எழும் விண்டோஸ். அங்கே அந்தக் கருவியை ஓட்டி பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாதாரணமாகத் திரும்பி வந்து புதியதைப் போடுங்கள். லேப்டாப்பில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) ஆனில் இருந்தால் ரெகவரி கீ கேட்கலாம், அதைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். சேஃப் மோடில் சவுண்டு வராது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சத்தம் வராதபோது

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். கிராஃபிக்ஸ் டிரைவரைப் போட்டதும் எழுத்து அழகாகச் சிறுத்தது, அத்தை முகம் மலர்ந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. சவுண்டு டிரைவரை அழித்தேன், போட்டேன், ரீஸ்டார்ட் செய்தேன், இப்படியே மூன்று முறை. கடைசியில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்தால், மேலே மானிட்டரின் பெயர் இருக்கிறது! எச்டிஎம்ஐ வயரில் படத்தோடு சத்தமும் போகும். அதனால் கிராஃபிக்ஸ் டிரைவர் தன்னோடு ஒரு சவுண்டு டிரைவரையும் கொண்டுவரும், சில சமயம் விண்டோஸ் அதையே முதன்மையாக்கிவிடும். அத்தை வீட்டு மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. பாட்டு ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, காதில்லாத இடத்துக்கு.

ஆகவே சத்தம் இல்லையென்றால் முதல் வேலை அந்த ஸ்பீக்கர் படம். விண்டோஸ் 10-ல் பெயருக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி, 11-ல் வால்யூம் கோட்டுக்கு வலப்பக்கம் ஒரு சின்னப் பட்டன். அதைத் தட்டினால் வரும் பட்டியலில் 'ஸ்பீக்கர்ஸ்' என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள்.

அதுவும் சரியாக இருந்தால், தேடும் இடத்தில் 'சர்வீசஸ்' என்று அடித்துத் திறந்து 'விண்டோஸ் ஆடியோ' என்பதை ரைட் கிளிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். அடுத்தது டிவைஸ் மேனேஜரில் சவுண்டு கருவியை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்வது. சத்தம் வருகிறது ஆனால் கரகரக்கிறது, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கிறது என்றால், சவுண்டு செட்டிங்ஸில் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை ஆஃப் செய்து பாருங்கள்.

டிரைவர் மேல் பழி போட முடியாதபோது

திரையில் கோடுகளோ வண்ணக் கட்டங்களோ வந்தால், ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே பயாஸ் திரைக்குள் (மதர்போர்டின் சொந்த செட்டிங்ஸ் பக்கம்) போய்ப் பாருங்கள். விண்டோஸ் டிரைவர் அந்த நேரத்தில் வேலையே தொடங்கியிருக்காது. அங்கேயும் கோடு இருந்தால் வயரை மாற்றிப் பாருங்கள், வேறொரு மானிட்டரில் போட்டுப் பாருங்கள், அப்படியும் இருந்தால் கார்டு. சவுண்டுக்கும் ஒரு வழி உண்டு: உபுண்டு போன்ற லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே அதிலிருந்து ஓட்டுங்கள். அங்கே பாட்டு கேட்டால் சிப்பும் ஸ்பீக்கரும் நலம், கோளாறு விண்டோஸ் பக்கம்தான். அங்கேயும் கேட்காவிட்டால் வேறு ஸ்பீக்கரோ ஹெட்போனோ செருகிப் பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்பலாம். போகும்போது பிழை எண் எழுதிய தாளையும், பயாஸ் திரையில் எடுத்த போட்டோவையும் கொண்டுபோங்கள். எடுத்த எடுப்பில் மதர்போர்டு போயிருக்கும் என்று உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.