முதல் குரூப் ரைடு: வரிசையில் உங்கள் இடம் எது?

பெங்களூரிலிருந்து ஏலகிரிக்கு ஆறு பைக்குகள் சேர்ந்து கிளம்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். சில்க் போர்டு, பொம்மசந்திரா, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சுமார் 160 கி.மீ. புதிதாகச் சேர்ந்தவர், "நீங்க போங்க, நான் மெதுவா பின்னாடி வர்றேன்" என்று கடைசியில் ஒட்டிக்கொள்வார். புதியவருக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது.

முன்னால் போகிறவர் 60-லிருந்து 50-க்கு இறங்கி மறுபடி 60-க்கு ஏறினால், அந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் வரும்போது பெரிதாகிக்கொண்டே போகும். ஆறாவது ஆள் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருப்பார். பிறகு விட்டுப்போன தூரத்தைப் பிடிக்க 80-ல் முறுக்குவார். அனுபவம் குறைந்தவர்தான் எல்லோரையும்விட வேகமாக ஓட்ட வேண்டிவரும்.

1. கிளம்பும் முன்பே வரிசையைப் பேசி முடியுங்கள்

வழி தெரிந்தவர் லீடு. அவருக்கு அடுத்த இடம் புதியவருக்கு. 100, 110 சிசி வண்டி இருந்தால் அதுவும் முன்பக்கம்தான் வரவேண்டும்; அதன் வேகமே குழுவின் வேகம். கடைசி ஆள் ஸ்வீப்: குழுவில் நன்றாக ஓட்டுபவர்களில் ஒருவர். பஞ்சர் கிட்டும் முதலுதவிப் பையும் அவரிடம் இருக்கட்டும்.

பிரேக்கையும் பாருங்கள். 2019 ஏப்ரலிலிருந்து விற்பனைக்கு வரும் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏபிஎஸ் (பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். டிஸ்க்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள வண்டி சட்டென்று நின்றுவிடும். அதற்குப் பின்னால் டிரம் பிரேக் வண்டி வந்தால் அதே தூரத்தில் நிற்காது. வரிசையை மாற்ற முடியாவிட்டால், டிரம் பிரேக்காரர் ஒரு நொடி கூடுதலாக இடைவெளி விடவேண்டும். பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும் வண்டிக்கும் இதே கணக்குதான்.

ஏழு பைக்குகளுக்கு மேல் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். பத்துப் பேர் ஒரே வரிசையாகப் போவது போட்டோவுக்கு மட்டும்தான் நன்றாக இருக்கும்.

2. லேனுக்குள் எங்கே?

நெடுஞ்சாலையில் ஒரு லேன் 3.5 மீட்டர் அகலம். அதை மனதில் மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். லீடு வலது பங்கில் போவார். நீங்கள் ஒரு நொடி பின்னால், இடது பங்கில். மூன்றாமவர் மறுபடி வலது பங்கில், லீடிலிருந்து இரண்டு நொடி தள்ளி. இப்படியே மாறி மாறி.

நொடியை அளக்க: உங்கள் பங்கிலேயே முன்னால் போகிறவர் ஒரு கி.மீ. கல்லைத் தாண்டியதும் "ஆயிரத்தொண்ணு, ஆயிரத்திரண்டு" என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிக்கும் முன் நீங்களும் கல்லைத் தாண்டிவிட்டால் நெருங்கிவிட்டீர்கள். 60 கி.மீ. வேகத்தில் இரண்டு நொடி என்பது 33 மீட்டர். 80-ல் 44 மீட்டர்.

இந்த அமைப்பின் பலன் என்னவென்றால், ஒவ்வொருவருக்கும் நேர் முன்னாலும் பக்கத்திலும் இடம் காலியாக இருக்கும். குழி வந்தால் ஒடிக்கலாம். பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே போகும் இரண்டு பேருக்கு அந்த இடம் கிடையாது. ஒருவர் குழியைத் தவிர்த்தால் மற்றவர் மேல்தான் விழவேண்டும். தயவுசெய்து ஜோடியாக ஓட்டாதீர்கள்.

இடது பங்கு என்றால் சாலை விளிம்பு இல்லை. அங்கே மண்ணும் ஜல்லியும் கிடக்கும், லாரி நிற்கும், எதிர்த்திசையில் ஸ்கூட்டர் வரும். ஓர வெள்ளைக் கோட்டிலிருந்து ஒரு கை நீளமாவது உள்ளே இருங்கள். பார்வை முன் வண்டியின் பின்விளக்கில் ஒட்டிக்கொள்ளக் கூடாது. அவர் தோளுக்கு மேலாகச் சாலையைப் பாருங்கள்.

யாராவது நடுவில் கழன்றுகொண்டால் அந்த இடம் அப்படியே காலியாக இருக்கட்டும். அடுத்த டீக்கடையில் வரிசையைச் சரிசெய்துகொள்ளலாம்.

3. லாரியைத் தாண்டும்போது

ஒருவர் ஒருவராகத்தான். முன்னால் இருந்தவர் தாண்டிப் போய்விட்டார் என்பதால் உங்களுக்கும் வழி இருக்கிறது என்று அர்த்தமில்லை. கண்ணாடி, தோள் திருப்பிப் பார்வை, இண்டிகேட்டர், பிறகு வலது லேன். லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. டிரெய்லர் பக்கத்தில் தயங்கி நிற்காதீர்கள்.

புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, தாண்டி முடித்த நிம்மதியில் ஆக்சிலரேட்டரை விட்டுவிடுவது. பின்னால் வருபவர் உள்ளே நுழைய இடமில்லாமல் வலது லேனில் மாட்டிக்கொள்வார். லாரிக்கும் உங்களுக்கும் நடுவில் இரண்டு வண்டி புகும் இடைவெளி விழும்வரை வேகத்தைக் குறைக்காதீர்கள்.

4. ஒற்றை வரிசைக்கு மாறும் இடங்கள்

டோல் கேட்டின் இடது ஓர வழி, சர்வீஸ் ரோடு, சாலைப் பணி நடக்கும் இடம், பனிமூட்டம், மழை. லீடு இடது கையை மேலே தூக்கி ஒரு விரல் காட்டுவார். நீங்களும் காட்டிப் பின்னால் கடத்துங்கள். குறைந்தது இரண்டு நொடி இடைவெளி, மழையில் நான்கு. சிக்னலில் பாதிக் குழு பிரிந்தால் மஞ்சள் விளக்கில் பாயவேண்டாம். முன்னால் போனவர்கள் ஓரமாக நின்று காத்திருப்பார்கள்.

ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே முழுக்க ஒற்றை வரிசைதான். வலது வளைவில் டயர் உங்கள் பக்கம் இருந்தாலும், வண்டி சாயும்போது தலை நடுக்கோட்டைத் தாண்டி எதிர் லேனுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி வாருங்கள். இடது வளைவில் வேகம் அதிகமானால் வண்டி தானாக வலது பக்கம் விலகும். மேலிருந்து பஸ் இறங்கினால் வளைவு முழுவதும் அதற்குத் தேவைப்படும். வளைவுக்குக் கீழேயே இடது ஓரம் நின்று, அது இறங்கி முடித்த பிறகு முதல் கியரில் ஏறுங்கள்.