சப்ளை செயினை அளப்பது எப்படி? கப்பலூர் ரப்பர் யூனிட்டை வைத்து ஒரு செய்முறை

மதுரை பக்கத்தில் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ரப்பர் புஷ், மவுண்டிங் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் பாகங்கள்) செய்யும் சின்ன யூனிட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரப்பர் ஷீட் கன்னியாகுமரி, கேரளப் பக்கமிருந்து வருகிறது. சரக்கு ஓசூருக்கும் சென்னைக்கும் போகிறது. இந்த வரத்தும் போக்கும்தான் இதன் சப்ளை செயின். கீழே உள்ள எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான்.

படி 1: தேதியைச் சரியான இடத்தில் பிடியுங்கள்

நிறைய பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். நம் யூனிட்டில் சலான் (சரக்கோடு போகும் சீட்டு) போட்ட தேதியை டெலிவரி தேதியாக எழுதினால் கணக்கு முழுக்கப் பொய். கஸ்டமர் கம்பெனியின் கேட்டில் சீல் விழுந்த சலான் காப்பியை வாங்கி, அதிலுள்ள தேதியை எழுதுங்கள். எக்செலில் நான்கு நெடுவரிசை போதும்: சொன்ன தேதி, சொன்ன அளவு, சேர்ந்த தேதி, அவர்கள் ஏற்றுக்கொண்ட அளவு.

படி 2: சதவீதம் போடுங்கள்

மாதம் 40 ஆர்டர். நேரத்துக்குப் போனது 34, முழு அளவில் போனது 35. இரண்டும் சரியாக அமைந்தது 31 மட்டுமே என்றால், உங்கள் மார்க் 31/40, அதாவது 77.5%. 34-ஐ வைத்து 85% என்று முதலாளியிடம் சொல்லாதீர்கள். பாதி லோடு வந்தால் கஸ்டமரின் லைன் நிற்கத்தான் செய்யும்.

படி 3: தவறிய 9-க்கும் காரணம் எழுதுங்கள்

ஷீட் வரவில்லை, மோல்டு ரிப்பேர், லாரி தாமதம் என ஒவ்வொன்றுக்கும் ஒரே காரணம். அதிகம் வருவதை முதலில் பிடியுங்கள்.

ஷீட்தான் காரணம் என்றால், சப்ளையர் வழக்கமாக எடுக்கும் நாளையும் அதிகபட்சமாக எடுத்த நாளையும் பாருங்கள். தினம் 200 கிலோ ஓடுகிறது. வழக்கம் 6 நாள், அதிகபட்சம் 10 நாள். அதிகபட்ச நாளையும் தாங்க, ஸ்டாக் 2,000 கிலோவுக்கு (200 × 10) இறங்கியதும் ஆர்டர் போடுங்கள். ஜூன், ஜூலை மழையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டு குறையும்; அப்போது இந்த அளவைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

படி 4: பணம் முடங்கும் நாள்

ஸ்டாக் 12 லட்சம், மாதம் செலவாகும் சரக்கு 18 லட்சம் என்றால் 20 நாள் சரக்கு கையில் இருக்கிறது. கஸ்டமர் 45 நாளில் பணம் தருகிறார், நீங்கள் சப்ளையருக்கு 15 நாளில் கொடுக்கிறீர்கள். 20 + 45 − 15 = 50 நாள் உங்கள் பணம் வெளியே நிற்கிறது. உத்யம் (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) பதிவு செய்த குறு, சிறு உற்பத்தி யூனிட்டுக்கு, 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தம் எதுவானாலும் கஸ்டமர் பணம் தருவது 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வட்டி கேட்கும் உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

படி 5: கட்டுப்பாடு

திங்கள் காலை பர்ச்சேஸ், புரொடக்‌ஷன், டிஸ்பாட்ச் மூவரும் எக்செல் ஷீட்டைச் சேர்ந்து பாருங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒருவர் பொறுப்பு. படி 2-இன் சதவீதம் இரண்டு வாரம் தொடர்ந்து 90-க்குக் கீழே போனால், அதற்குப் பொறுப்பான ஆளே காரணத்தையும் சரிசெய்யும் தேதியையும் போர்டில் எழுத வேண்டும்.