தாலமியின் செவ்வாய்: ஏ4 தாளில் வரைவது எப்படி?

பூமியை நடுவில் வைத்துக்கொண்டே செவ்வாயின் வக்கிரகதியை (வானில் சில வாரங்கள் பின்னோக்கி நகர்வதுபோல் தெரிவதை) கணக்கில் கொண்டுவந்தவர் வானியலாளர் தாலமி. கி.பி. 2ஆம் நூற்றாண்டு, அலெக்சாந்திரியா. அவருடைய அல்மஜெஸ்ட் நூலில் உள்ள அளவுகளை வைத்து நாமே வரைந்துவிடலாம். ஜியோஜிப்ரா என்ற கணித வரைபட மென்பொருளில் சீக்கிரம் முடியும்தான். ஆனாலும் முதல் தடவை கவராயம், பாகைமானிதான் என் சிபாரிசு. திரையில் தானாகச் சுழல்வதைப் பார்த்தால் எந்தக் கோணம் எங்கிருந்து வந்தது என்று மனதில் நிற்காது.

படி 1: தாளின் நடுவே பூமி. அதைச் சுற்றி 6 செ.மீ. ஆரத்தில் பெருவட்டம். அந்தக் கோட்டின் மேல் நகரப்போகும் சிறுவட்டத்துக்கு ஆரம் 3.95 செ.மீ. (தாலமி சொன்னது 60க்கு 39½.) இதற்கு மேல் பெரிதாக்கினால் தாளை விட்டு வெளியே போய்விடும். பூமியிலிருந்து வலப்பக்கம் போகும் கிடைக்கோடு 0°. கோணங்கள் எல்லாம் இடஞ்சுழியாக.

படி 2: சிறுவட்டத்தின் மையம் 0°இல் தொடங்கி, பெருவட்டத்தில் 687 நாளில் ஒரு சுற்று வரும். நாளுக்கு 0.524°.

படி 3: வழுக்குகிற இடம் இது. செவ்வாய் சிறுவட்டத்தில் ஒரு சுற்று வர 780 நாள், அதாவது நாளுக்கு 0.4616°. இதை அப்படியே கிடைக்கோட்டிலிருந்து அளந்து போட்டால் வக்கிரமே வராது. அந்தக் கோணம், பூமியிலிருந்து மையம் வழியாக நீளும் கோட்டிலிருந்து எண்ணப்படுவது. அந்தக் கோடே நாளுக்கு 0.524° திரும்பிக்கொண்டிருக்கிறது. எனவே கிடைக்கோட்டிலிருந்து அளக்க இரண்டையும் கூட்டுங்கள்: 0.9856°.

390ஆம் நாளைப் பாருங்கள். மையம் 204.4°. சிறுவட்டத்தில் செவ்வாயின் கோணம் 384.4°, 360ஐக் கழித்தால் 24.4°. நேர் எதிர்த்திசை. அதனால் செவ்வாய் பெருவட்டத்துக்கு உள்ளே, பூமிக்கு மிக அருகில் வந்து நிற்கும்.

படி 4: 0 முதல் 780 வரை 30 நாளுக்கு ஒரு புள்ளி. 340இலிருந்து 440 வரை மட்டும் 10 நாளுக்கு ஒன்று, இல்லாவிட்டால் வக்கிரத்தின்போது பாதை போடும் கண்ணி (சுருக்கு) சரியாக விழாது. புள்ளிகளை இணைத்து, பூமியில் ஸ்கேலை வைத்துத் திருப்பிப் பாருங்கள். 353ஆம் நாள் வாக்கில் 212° வரை போன செவ்வாய், 427ஆம் நாள் வாக்கில் 196°க்குத் திரும்பியிருக்கும்.

பின்சேர்க்கை: 0.9856° எங்கேயோ பார்த்த எண்ணாக இருக்கிறதே என்று சிலர் கேட்டார்கள். சூரியன் வானில் ஒரு நாளில் நகரும் சராசரி அளவு அது. அதாவது சிறுவட்டத்தின் ஆரக்கோடு எப்போதும் பூமி–சூரியன் கோட்டுக்கு இணை. நம் வருடாந்தரச் சுற்றுதான் சிறுவட்டமாக அதில் ஒளிந்திருக்கிறது! 6ஐ 3.95ஆல் வகுத்தால் 1.519. சூரியனிலிருந்து செவ்வாயின் சராசரித் தூரம், பூமியின் தூரத்தைப்போல் 1.524 மடங்கு. 1543இல் வெளியான தன் நூலில், சூரியனை நடுவில் வைத்த கோப்பர்னிக்கஸ் இந்த வட்டத்தைத்தான் பூமிக்கு மாற்றிக் கொடுத்தார்.

இந்தப் படத்தில் கண்ணிகள் எல்லாம் ஒரே அளவாக வரும். வானத்தில் அப்படி இல்லை. அதற்கு, பெருவட்டத்தின் மையத்திலிருந்து பூமியை 0.6 செ.மீ. தள்ளி வைத்து, எதிர்ப்பக்கம் 0.6 செ.மீ. தூரத்தில் இன்னொரு புள்ளி வையுங்கள். 0.524°ஐ அந்தப் புள்ளியிலிருந்து அளக்க வேண்டும், 0.9856° மாறாது. கோப்பர்னிக்கஸுக்கு எரிச்சலூட்டியது அந்த வெற்றுப் புள்ளிதான்.